இசைப்புலவர் பதரெவ்ஸ்கியும் போலந்து தேசமும்

அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது நடந்த ஔவையாரையும், சோழர் இருவரிடையே நின்று போர் விலக்க முயன்ற கோவூர் கிழாரையும் எமது கல்லூரியிற் புறநானூறு கற்ற மாணவர் எவரும் மறந்திரார். அமைச்சராயிருந்தவர் அப்பதவியை உதறிப் பாடப் புகுந்த வரலாறும் எமக்குண்டு. திருவாதவூரடிகள் அவ்வழி வந்தவர். ஆனால், வாத்தியம் வாசித்துப் பெரும்புகழும் பெரும்பொருளும் ஈட்டிய ஒருவர், அவ்விரண்டையும் ஒருபுறம் வைத்துவிட்டு ஒரு தேசத்தின் பிரதம மந்திரியான வரலாறு எங்கணும் அரியது. அத்தகைய ஒருவரைப் பற்றியே இங்கு எழுத எண்ணினோம்.

இவ்விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் சரித்திரம் வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, எமக்கு முதலில் நினைவு வந்தவர் போலந்து தேசத்துப் பியானோ வித்துவான் இக்னாசி யான் பதரெவ்ஸ்கி. நாம் மாணவராயிருந்த காலத்தில், சரித்திர ஆசிரியர் வேர்சேய் உடன்படிக்கையைப் படிப்பிக்கையில், அதிற் கையொப்பமிட்டோருள் ஒருவர் பியானோ வாசிப்பவர் என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியம் எம்மை விட்டு நீங்கவில்லை. பின்னாளிற் கிடைத்த நூல்களிலெல்லாம் அப்பெயரைத் தேடிப் பார்ப்பது எமக்கு வழக்கமாயிற்று.

பதரெவ்ஸ்கி பிறந்த காலத்திற் போலந்து என்றொரு நாடு தேசப்படத்தில் இல்லை. ஒருகாலத்தில் ஐரோப்பாவின் பெரிய இராச்சியங்களுள் ஒன்றாயிருந்த அதனை உருசியா, பிரசியா, ஒஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் மும்முறை கூறுபோட்டுத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. அரசு போயிற்று, மொழியும் சமயமும் பாட்டும் மாத்திரம் எஞ்சின. நாடிழந்த மக்களுக்குக் கலை என்பது ஓய்வுநேரத்துப் பொழுதுபோக்கு அன்று. ஷோப்பன் இயற்றிய இசையைப் போலந்து மக்கள் கேட்ட முறை வேறு, பிறநாட்டார் கேட்ட முறை வேறு என்பதை மனத்திற்கொண்டாலன்றிப் பதரெவ்ஸ்கியின் வாழ்வு எமக்கு விளங்காது.

அவர் 1860 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18 ஆந் திகதி பொடோலியா என்னும் பகுதியிலுள்ள குரிலூவ்கா என்ற கிராமத்திற் பிறந்தார். அப்பகுதி அக்காலத்தில் உருசியப் பேரரசுக்கு உட்பட்டது. இன்று உக்ரேன் நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் பிரபுக்களின் நிலங்களை மேற்பார்வை செய்பவர். தாயார் மகவு பிறந்த சில மாதங்களுக்குள் இறந்துபோனார். 1863 ஆம் ஆண்டிலே போலந்து மக்கள் உருசிய ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, அக்கிளர்ச்சியின் தொடர்பாகத் தந்தையாரும் சிறைப்பட்டார். குதிரைமேல் வந்த கொசாக்கிய வீரர் வீட்டைச் சூழ்ந்து நின்றதை மூன்று வயதுக் குழந்தை கண்டது. முதுமையிலும் அக்காட்சி அவர் நினைவை விட்டு அகலவில்லை.

பன்னிரண்டு வயதில் வார்சோ நகரத்து இசைக் கல்லூரியிற் சேர்க்கப்பட்டார். அங்கே அவரது பியானோ வாசிப்பை ஆசிரியர் பெரிதாக மதித்ததாகத் தெரியவில்லை. கை அதற்கு ஏற்றதன்றெனக் கருதி, துரொம்போன் என்னும் ஊதுகுழலைக் கற்குமாறு புத்தி சொன்னவரும் உண்டு. மாணவர் எதற்கு ஏற்றவர் என்று ஆசிரியர் கணிப்பது எத்துணை இடர்மிக்க காரியம் என்பதை, அத்தொழிலில் ஆயுளைக் கழித்த நாம் இவ்விடத்திற் சற்று வெட்கத்தோடு நினைத்துக்கொள்கிறோம். 1878 இற் பட்டம் பெற்று, அக்கல்லூரியிலேயே ஆசிரியராக அமர்ந்தார். 1880 இல் உடன்பயின்ற ஒரு பெண்ணை மணந்தார். ஆண் குழந்தையொன்றைப் பெற்றபின் அவ்வம்மையார் விரைவிலே காலமானார். குழந்தையோ நடக்கவியலாத ஊனமுடையதாயிற்று. இருபது வயது கடந்த இளைஞர், தாயற்ற நோயாளிப் பிள்ளையை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு, பிழைப்புக்கு வழிதேடிப் பேர்லின் நகரத்துக்குப் போனார். அப்பிள்ளை 1901 வரை உயிரோடிருந்தது.

வியன்னா நகரில் லெஷெதிற்ஸ்கி என்னும் பெரிய ஆசிரியரிடம் அவர் சேர்ந்தபோது வயது இருபத்துநான்கு. பியானோக் கலையில் அது மிகவும் பிந்திய வயது. ஏனையோர் அவ்வயதிற் கச்சேரி செய்யத் தொடங்கிவிடுவர். ஆசிரியருக்கும் முதலில் நம்பிக்கை உண்டாகவில்லை. அக்கல்விக்கு வேண்டிய பணத்தைத் தேடிக்கொடுக்க உதவியவர், அக்காலத்துப் போலந்து நாடக மேடையின் புகழ்பெற்ற நடிகை எலேனா மொட்ஜெஸ்கா அம்மையார். கிராக்கோ நகரில் 1884 இல் நடந்த ஒரு நிகழ்ச்சியில் தாமே மேடையேறி, தமது பெயருக்காகத் திரண்ட சனங்களைப் பதரெவ்ஸ்கியின் வாசிப்பைக் கேட்கச் செய்தார். கலைஞர் ஒருவரின் கீர்த்தி மற்றொருவருக்கு ஊன்றுகோலாகலாம் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார் போலும். பிற்காலத்திலே தமது கீர்த்தியைத் தேசத்துக்கு ஊன்றுகோலாக்கியதற்கு விதை அங்கே விழுந்ததென்று நாம் எண்ணுகிறோம்.

நாளொன்றுக்குப் பல மணிநேரம் விரற்பயிற்சி செய்து, 1887 இல் வியன்னாவிலும் 1888 இற் பாரிஸ் நகரிலும் 1890 இல் இலண்டனிலும் அரங்கேறினார். 1891 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நியூயோர்க் நகரத்திற் புதிதாகக் கட்டப்பட்ட கார்ணேகி மண்டபத்தில் அமெரிக்கர் முதன்முறை அவரைக் கேட்டனர். அதன்பின் நிகழ்ந்ததை இக்காலத்துத் திரைப்பட நடிகருக்குக் கூடும் கூட்டத்தோடுதான் ஒப்பிடவேண்டும். நெற்றியின்மேல் ஒளிவட்டம் போற் படர்ந்த அவரது செம்பொன் முடியைக் காணவே மக்கள் புகையிரத நிலையங்களிற் காத்துநின்றனர். அந்த முதற் பயணத்தில் 117 நாட்களில் 107 முறை வாசித்தார் என்பர். அப்பயணத்திலே விசை கடினமான ஒரு பியானோவை வாசிக்கையில் வலக்கையின் நான்காம் விரல் நரம்பு அறுந்து வீங்கிற்று. ஒப்பந்தத்தை முறிக்க மனமின்றி, எஞ்சிய விரல்களைக்கொண்டு வாசிப்பை மாற்றியமைத்துக் கச்சேரிகளை முடித்தார். அவ்விரல் பின்னொருபோதும் முழுமையாகக் குணமாகவில்லை.

அவரைவிடத் திறமாக வாசித்தோர் அக்காலத்திலும் இருந்தனர். இசை விற்பன்னர் பலர் அதனை வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆனால் மண்டபத்தின் கடைசி வரிசையில் நிற்பவனையும் தம்வயப்படுத்தும் ஆற்றல் அவரிடத்தில் இருந்தது. அது விரலின் ஆற்றலோ, தோற்றத்தின் ஆற்றலோ, இரண்டும் கலந்ததோ நாம் அறியோம். அவர் இயற்றிய 'மான்று' என்னும் இசைநாடகம் 1901 இல் திறெஸ்டன் நகரத்தில் அரங்கேறியது. எனினும், இளமையில் எழுதிய சிறியதொரு 'மினுவெற்' இசையே வீடுதோறும் பியானோ பழகும் சிறுவர்க்குப் பாடமாகி, அவர் பெயரைப் பரப்பிற்று. 1899 இல் எலேனா என்னும் அம்மையாரை இரண்டாந்தாரமாக மணந்து, சுவிற்சலாந்தில் மோர்ஷ் என்னும் ஊரின் அருகே ஏரிக்கரையில் ஒரு பெருமனையில் வாழ்ந்தார். வந்த பொருளைச் சேர்த்து வைக்கத் தெரியாதவர். இளம் அமெரிக்க இசைஞருக்குப் பரிசளிக்க 1896 இல் 10,000 டொலர் நிதியமைத்தார். தம் நாட்டு இளைஞருக்கும் அநாதைகளுக்கும் கொடுத்ததற்கோ கணக்கில்லை.

அரசியலில் அவர் எடுத்துவைத்த முதலடி ஒரு சிலையின் வடிவில் வந்தது. 1410 ஆம் ஆண்டிலே குருன்வால்ட் என்ற இடத்திற் போலந்துப் படையும் லித்துவேனியப் படையும் சேர்ந்து, செருமானியச் சமயவீரர் படையை முறியடித்தன. அவ்வெற்றியின் ஐந்நூறாவது ஆண்டு நிறைவுக்குக் கிராக்கோ நகரத்தில் மாபெருஞ் சின்னமொன்றைத் தமது சொந்தச் செலவில் எழுப்புவித்தார். 1910 சூலை 15 ஆந் திகதி அது திறக்கப்பட்டபோது மூன்று பேரரசுகளின் கீழிருந்த போலந்து மக்களும் எல்லை கடந்து வந்து திரண்டனர். அன்று அவர் சனத்திரளின் முன் உரையாற்றினார். பியானோவின் துணையின்றியும் ஒரு பெருங்கூட்டத்தை அசைக்கத் தம்மால் முடியும் என்பதை அன்று அறிந்துகொண்டார். நாடு என்ற சொல்லைச் சட்டம் மறுத்த இடத்திலே, நாட்டின் வெற்றிக்குக் கல்லில் நினைவுச் சின்னம் நாட்டியது சிறிய காரியமன்று.

1914 இல் முதலாம் உலக மகாயுத்தம் மூண்டது. பங்கிட்ட வல்லரசுகள் தமக்குள் மோதின. போலந்து இளைஞர் மூன்று படைகளிலும் சேர்க்கப்பட்டு ஒருவரையொருவர் சுட நேர்ந்தது. போர்க்களமும் அவர்களது வயல்வெளியே. பஞ்சமும் நோயும் பரவின. நோபெல் பரிசு பெற்ற நாவலாசிரியர் சியன்கேவிச்சோடு சேர்ந்து பதரெவ்ஸ்கி 1915 தொடக்கத்தில் சுவிற்சலாந்திலுள்ள வெவே நகரத்தில் நிவாரணச் சபையொன்றை நிறுவினார். பின்னர் பாரிசிலும் இலண்டனிலும் கிளைகள் அமைத்து, அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் அமெரிக்கா சென்றார்.

அங்கே அவர் கைக்கொண்ட முறை எளியது. மண்டபம் நிறைந்ததும் முதலில் எழுந்து நின்று போலந்தின் துயரத்தை எடுத்துரைப்பார். அதன்பின் அமர்ந்து ஷோப்பனை வாசிப்பார். நுழைவுக் கட்டணமும் நன்கொடையும் நிவாரணத்துக்குப் போகும். போர் முடியுமுன் முந்நூறுக்கு மேற்பட்ட கூட்டங்களில் இவ்வாறு பேசினார். போலந்து எங்கேயிருக்கிறது என்று அறியாத அமெரிக்கர் பல்லாயிரவர், ஒருவரது விரல் வழியே அதனை அறிந்தனர். அந்நாட்டில் ஏற்கெனவே குடியேறிச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த போலந்து மக்கள் பல கட்சிகளாகப் பிரிந்து கிடந்தார்கள். அவர்களை ஒன்றுசேர்க்கும் வேலை, அமெரிக்கரை இரங்கச் செய்யும் வேலையைவிடக் கடினமாயிருந்தது. புலம்பெயர்ந்தோர் சங்கங்களின் இயல்பை அறிந்த எமது வாசகருக்கு இதனை விரிக்கவேண்டியதில்லை.

சனாதிபதி வில்சனின் நெருங்கிய ஆலோசகர் ஹவுஸ் என்பாரின் நட்பைப் பெற்று, அவர் வாயிலாகச் சனாதிபதியின் செவியையும் பதரெவ்ஸ்கி எட்டினார். 1917 சனவரியில் போலந்தின் கோரிக்கைகளை விரிவாக எழுதி ஹவுசிடம் சமர்ப்பித்தார். அம்மாதம் 22 ஆந் திகதி வில்சன் அமெரிக்க மூப்பர் சபையில் ஆற்றிய உரையில், ஒன்றுபட்ட சுதந்திரப் போலந்து வேண்டும் என்னுங் கருத்து இடம்பெற்றது. ஓராண்டின் பின் அவர் வெளியிட்ட பதினான்கு அம்சங்களுள் பதின்மூன்றாவது, கடலை அடையும் வழியோடு கூடிய சுதந்திரப் போலந்தாயிற்று. இதனை ஒரு பியானோ சாதித்ததென்று சிலர் எழுதுவர். அது மிகை. உருசியப் பேரரசு வீழ்ந்ததும், பாரிசில் தெமோவ்ஸ்கி நடத்திய நுட்பமான தூதும், போலந்து மண்ணில் பில்சூட்ஸ்கி திரட்டிய படையும் இன்றேல் அவ்வாக்குறுதி காகிதத்திலேயே நின்றிருக்கும். ஆயினும் வாக்குறுதி காகிதத்தில் ஏறுவதற்கு ஒருவர் வேண்டியிருந்தது; அவர் பதரெவ்ஸ்கி.

அமெரிக்கா போரில் இறங்கியபின், பிரான்சிற் போரிடுவதற்குப் போலந்துப் படையொன்று திரட்டப்பட்டது. கனடாவிலே நயாகரா ஆற்றங்கரைப் பாசறையிற் பயிற்சி பெற்று 20,000 பேருக்கு மேற்பட்டோர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்தனர். அவர்களை அழைத்தவர்களுள் முதல்வர் பதரெவ்ஸ்கி. இக்காலத்தில் அவர் கச்சேரி செய்வதை முற்றாக நிறுத்திவிட்டார். வாத்தியப் பயிற்சி ஒருநாள் தவறினால் தமக்குத் தெரியும், பலநாள் தவறினால் உலகுக்குத் தெரியும் என்பது இசைஞர் உலகத்து வழக்கு. ஐம்பத்தேழு வயதில், ஊனமான விரலோடு, ஆண்டுக்கணக்கிற் பயிற்சியை விட்டவர் மீண்டும் மேடையேறலாம் என்று அவரே நம்பியிரார். தம் கைப்பொருளைக் கொடுப்போர் பலர். தொழிலைத் தந்த கையையே கொடுத்தவர் என்று இவரைச் சொல்லலாம்.

போர் ஓய்ந்தது. பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் ஏறி 1918 ஆம் ஆண்டு நத்தார் நாளில் டான்சிக் துறைமுகத்தை அடைந்தார். நேராக வார்சோ செல்லுமாறு செருமானிய அதிகாரிகள் வற்புறுத்தவும், அதனைக் கேளாது அடுத்தநாள் பொஸ்னான் நகரத்துக்குப் போனார். அந்நகரம் அப்போதும் செருமானியர் ஆட்சியிலிருந்தது. தெருவெங்கும் தீபங்களும் போலந்துக் கொடிகளுமாகச் சனங்கள் அவரை வரவேற்றார்கள். விடுதியின் சாளரத்திலிருந்து அவர் பேசினார். மறுநாள், 27 ஆந் திகதி, துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அன்று மூண்ட கிளர்ச்சியின் பயனாக அம்மாகாணத்தின் பெரும்பகுதி போலந்தோடு சேர்ந்தது. அவர் அங்கே படை நடத்தவில்லை, ஆயுதம் ஏந்தவில்லை; வந்து நின்றார், அவ்வளவே.

வார்சோவிலே இரு பிரிவுகள் இருந்தன. நாட்டுத் தலைவராய்ப் படைபலத்தோடு வீற்றிருந்த பில்சூட்ஸ்கியை மேலைத்தேயத்தார் ஐயுற்றனர். பாரிசிலிருந்த தெமோவ்ஸ்கியின் குழுவைப் பில்சூட்ஸ்கியின் ஆதரவாளர் வெறுத்தனர். இருசாராரும் ஏற்கத்தக்க ஒருவர், எக்கட்சியையும் சாராத இசைஞர் மாத்திரமே. 1919 சனவரி 16 இல் அவர் பிரதம மந்திரியும் வெளிநாட்டு மந்திரியும் ஆனார். அம்மாத இறுதியில் ஐக்கிய அமெரிக்கா புதிய அரசை அங்கீகரித்தது. ஆண்களும் பெண்களும் ஒருங்கே வாக்களித்த பொதுத்தேர்தல் அம்மாதம் 26 இல் நடைபெற்றது. பெப்புருவரியில், ஏழு வயது முதல் பதினான்கு வரை எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் பள்ளிக்கூடஞ் செல்லவேண்டும் என்ற கட்டளை பிறந்தது. மூன்று வகைச் சட்டம், பல வகை நாணயம், அகலம் ஒவ்வாத புகையிரதப் பாதைகள், எரிந்த கிராமங்கள், கொள்ளைநோய் ஆகிய இவற்றினிடையே பள்ளிக்கூடத்தை மறவாத அரசை எமது கல்லூரி மலர் பாராட்டாது விடலாகாது. ஹூவர் என்பாரின் தலைமையில் அமெரிக்கர் அனுப்பிய உணவு பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் காத்தது. அவ்வுணவு வந்துசேர்ந்ததில் பதரெவ்ஸ்கியின் பெயருக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால், நாள்தோறும் நடக்கவேண்டிய அரசாங்க அலுவல் அவருக்கு ஒத்துவரவில்லை. நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து, நண்பகல் அணுகும்போது எழுவது கச்சேரிக்காரரின் பழக்கம். அப்பழக்கத்தோடேயே மந்திரிசபையையும் நடத்தினார். கடிதங்கள் குவிந்து கிடந்தன. காணவந்தோர் காத்திருந்து சலித்தனர். யாரை அவரிடம் அனுப்புவது, யாரைத் திருப்புவது என்பதை மனைவியாரே முடிவுசெய்யத் தொடங்கியதும் முணுமுணுப்பு வளர்ந்தது. கைதட்டலுக்குப் பழகியவருக்குக் கண்டனம் பழகவில்லை. பாராளுமன்றில் எழுந்த வசைகள் அவரை மெய்யாகவே நோகச் செய்தன. மண்டபத்தில் ஒருவர் வாசிக்க எல்லாரும் அடங்கியிருப்பர். பாராளுமன்றில் எல்லாரும் வாசிப்பர், அடங்கியிருப்பார் எவருமில்லை.

1919 சூன் 28 ஆந் திகதி வேர்சேய் மாளிகையில் தெமோவ்ஸ்கியோடு சேர்ந்து உடன்படிக்கையிற் கையொப்பமிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அழிந்திருந்த பெயர் மீண்டும் அரசுகளின் வரிசையில் எழுதப்பட்டது. அதே நாளில் அவர் கையொப்பமிட்ட மற்றோர் உடன்படிக்கையைப் பலர் எழுதாது விடுகின்றனர். போலந்திலே வாழும் யூதர், செருமானியர், உக்ரேனியர் முதலிய சிறுபான்மையினரின் மொழி, சமய, கல்வி உரிமைகளைக் காப்பதாகப் புதிய அரசு உறுதி கொடுக்கும் உடன்படிக்கை அது. அதனைப் பதரெவ்ஸ்கி விரும்பவில்லை. வல்லரசுகளுக்கு இல்லாத கட்டுப்பாட்டைத் தம் நாட்டுக்கு மாத்திரம் விதிப்பது இழிவு என்று வாதாடி, எழுத்திலும் தெரிவித்துப் பார்த்தார், பெரியோர் இணங்கவில்லை.

அவரது வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. கட்டளையிட்ட பிரித்தானியாவும் பிரான்சும் தமது குடியேற்ற நாடுகளில் அத்தகைய உறுதி எதனையும் எவருக்கும் கொடுத்ததில்லை. ஆயினும் அவ்வாண்டு ஏப்பிரலிலே பின்ஸ்க் நகரத்தில் யூதர் முப்பத்தைவர் போலந்துப் படையினராற் சுடப்பட்டனர். கிழக்குக் கலீசியாவில் உக்ரேனியரோடு நடந்த போரில், அமெரிக்காவிலிருந்து அவர் ஆள்சேர்த்து அனுப்பிய படையே நேசநாடுகளின் விருப்புக்கு மாறாகப் பயன்படுத்தப்பட்டது. தம் இனம் உரிமையிழந்து வருந்திய வருத்தத்தை உலகெங்கும் எடுத்துரைத்த நாவுக்கு, தம் ஆட்சியின்கீழ் வந்த பிற இனத்தாரின் அச்சம் ஏன் எளிதில் விளங்கவில்லை என்று நாம் பலகால் யோசித்ததுண்டு. அவர் தீயவரல்லர், பகைமை பேசியவருமல்லர். விடுதலை பெற்ற பெரும்பான்மையினரின் தலைவர் பலருக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது. இத்தீவில் வாழும் எமக்கு இவ்விடத்தை வேகமாகப் புரட்ட மனம் வரவில்லை.

டான்சிக் தனி நகரமாக்கப்பட்டதற்கும், மேற் சிலேசியாவில் வாக்கெடுப்பு விதிக்கப்பட்டதற்கும் உள்நாட்டிலே பழி அவர்மீது சுமத்தப்பட்டது. வெளியே மிகுதியாகக் கேட்டவர் என்ற குறை. உள்ளே மிகக் குறைவாகப் பெற்றவர் என்ற குறை. 1919 திசெம்பரிற் பதவி விலகினார். பத்து மாதமும் சில நாளும் அவர் ஆட்சி. அதன்பின் சர்வதேச சங்கத்திலே போலந்தின் பிரதிநிதியாகச் சிறிது காலம் இருந்து, 1921 இல் அதனையும் விட்டார். கையிலிருந்த செல்வத்தின் பெரும்பகுதி அந்த ஆண்டுகளிற் கரைந்துபோயிருந்தது.

அறுபது கடந்தவர், கலிபோர்னியாவிற் போருக்கு முன் வாங்கியிருந்த தோட்டத்துக்குப் போய், மீண்டும் பியானோவின் முன் அமர்ந்தார். சிறு மாணவனைப் போல் விரற்பயிற்சியிலிருந்து தொடங்கினார். 1922 நவம்பரில், முப்பத்தோராண்டின் முன் அரங்கேறிய அதே கார்ணேகி மண்டபத்தில் மறுபடியும் வாசித்தார். அவர் உள்ளே வரவும் சபையார் எழுந்து நின்றனர். முன்னிருந்த கைவன்மை குறைந்ததென்று விற்பன்னர் கூறினர், மண்டபங்கள் குறையவில்லை. ஈட்டியதில் ஒரு பங்கைப் போரில் ஊனமுற்ற வீரருக்கும், ஒரு பங்கை வேலையிழந்த இசைஞருக்கும் கொடுத்தார். நன்றியை மறவாதவராய், வில்சனுக்குப் பொஸ்னானிலும் ஹவுசுக்கு வார்சோவிலும் தம் செலவிற் சிலை நாட்டுவித்தார்.

நாட்டில் வாழ அவர் திரும்பவில்லை. 1926 இல் பில்சூட்ஸ்கி படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றியபின், சனநாயகத்தை நாடிய எதிர்க்கட்சித் தலைவர் சிலர் சுவிற்சலாந்திலிருந்த அவரைச் சுற்றிக் கூடினர். 1936 இல் அமைந்த அக்கூட்டுறவு, அவர் வாழ்ந்த ஊரின் பெயராலேயே வழங்கிற்று. 1934 இல் மனைவியார் இறந்தார். 1937 இல் வெளிவந்த 'நிலவொளி சொனாட்டா' என்ற ஆங்கிலத் திரைப்படத்தில் அவரே தோன்றி வாசிப்பதைக் காணலாம். 1939 மே மாதத்தில் நியூயோர்க் மண்டபமொன்றிலே ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, கச்சேரி தொடங்குமுன் நோயுற்று விழுந்தார். அத்தோடு பயணம் முடிந்தது.

அவ்வாண்டு செப்தெம்பரில் இற்லரின் படை மேற்கிலிருந்தும், அதன்பின் சோவியத்துப் படை கிழக்கிலிருந்தும் புகுந்து, போலந்து மறுபடியும் தேசப்படத்திலிருந்து மறைந்தது. கிராக்கோவில் அவர் எழுப்பிய சின்னத்தைச் செருமானியர் தகர்த்தனர். எழுபத்தொன்பது வயதுக் கிழவர் அந்நியமண்ணிற் கூடிய போலந்துத் தேசிய சபையின் தலைமையை ஏற்றார். பிரான்சு வீழ்ந்தபின் ஸ்பெயின், போர்த்துக்கல் வழியாக 1940 நவம்பரில் அமெரிக்கா சேர்ந்தார். இருபத்தைந்தாண்டுக்கு முன் சொன்ன அதே செய்தியை, அதே மக்களிடம், இம்முறை பியானோ இல்லாமற் சொல்ல வேண்டியிருந்தது. 1941 சூன் 22 இல், நியூ யேர்சி மாகாணத்திற் கடும்வெயிலிலே பழைய போலந்துப் போர்வீரர் கூட்டமொன்றிற் பேசினார். சளிச்சுரம் பற்றிற்று. ஒருவாரத்தில், சூன் 29 ஆந் திகதி, நியூயோர்க்கில் ஒரு விடுதியறையிற் காலமானார்.

போலந்து விடுதலை பெறும்வரை என்ற ஏற்பாட்டோடு, சனாதிபதி றூஸ்வெல்ற்றின் இசைவால், அவரது உடல் அமெரிக்கப் போர்வீரர் துயிலும் ஆர்லிங்டன் மயானத்தில் வைக்கப்பட்டது. இருபத்திரண்டாண்டு கழித்து, 1963 இல், சனாதிபதி கெனடி அங்கு அவர் பெயர் பொறித்த பட்டயமொன்றைத் திறந்துவைத்தார். கிராக்கோவின் சின்னம் 1976 இல் மீண்டும் எழுந்தது. 1992 ஆம் ஆண்டிலேயே உடலைத் தாங்கிய பேழை வார்சோ நகரத்துப் புனித யோவான் பேராலயத்தை அடைந்தது. அமெரிக்க சனாதிபதி புஷ் அவ்வேளை அங்கு வந்திருந்தார். இதயம் மாத்திரம் அமெரிக்காவிலே, பென்சில்வேனியா மாகாணத்திற் போலந்துக் குடியேறிகள் கட்டிய மாதா கோவிலில் இருக்கிறது.